கரிய மணலும் வெண்பனி மலையும்

தமிழில் 'பனி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. விடியற்காலையில் புல்நுனியில் திரளும் நீர்த்துளியும் பனி. மார்கழி வைகறையில் வயல்வெளியை மூடும் புகைப்படலமும் பனி. இமயத்தின் கொடுமுடிகளில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் வெண்ணிறப் பொருளும் பனியே. பெரும்பொழுதுகள் ஆறனுள் முன்பனியும் பின்பனியும் இடம்பெற்றுள்ளன. எனினும், அவற்றால் தமிழர் உணர்ந்தது முதலிரு பனிகளையே ஆகும். மூன்றாவது பனி தமிழகத்திற்குத் தொலைவிலேயே இருந்தது. புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் இமயம் பேசப்படுகின்றது. ஆயின், அதனைப் பாடிய புலவருள் எத்துணைப் பேர் அம்மலையைக் கண்ணாரக் கண்டிருப்பர் என்பது ஐயத்திற்குரியதே.

சொல்லோவியத்திற்கு நேர்ந்த இந்நிலை வண்ண ஓவியத்திற்கும் உண்டு. வெப்ப நாட்டுப் பள்ளியொன்றில் பனிமலைக் காட்சி தீட்டுமாறு மாணவர்க்குச் சொன்னால், பெரும்பாலோர் மூன்று முக்கோணங்களை வரைந்து, அவற்றின் உச்சியில் வெள்ளைத் தொப்பி கவித்து, இடையே மஞ்சள் ஞாயிற்றை நிறுத்திவிடுவர். அவர்களைக் குறை கூறுதல் எளிது. பனியை ஒருமுறையேனும் காணாதவர் பனிமலையைத் தீட்டுதல் தகுமா, தீட்டினால் அஃது உண்மையாகுமா என்னும் வினாவிற்கு விடை காண்பதே அரிது. அவ்விடையை ஓவிய வரலாறு நெடுங்காலமாகத் தன்னுள் வைத்திருக்கின்றது. அவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம் அக்ரிலிக் வண்ணம் என வழங்கும் செயற்கைப் பிசின் வண்ணத்தின் வருகையாகும்.

வெண்மையின் இயல்பு

பனியின் வெண்மை எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பனி உண்மையில் நிறமற்றது. அது சிறுசிறு பனிக்கட்டிப் படிகங்களின் குவியல். ஒவ்வொரு படிகமும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தன்மையது. ஆனால் எண்ணற்ற படிகங்கள் இடையிடையே காற்றைப் பொதிந்து குவிந்து கிடக்கும்போது, அவற்றின் முகங்கள்தோறும் ஒளி திசைமாறிச் சிதறுகின்றது. எல்லா நிறக் கதிர்களும் ஒருசேரச் சிதறிக் கண்ணை அடைவதால் பனி வெண்மையாகத் தோன்றுகின்றது. தெளிந்த கற்கண்டைப் பொடித்தால் அது வெண்பொடியாவதும் இதே காரணத்தாலாம்.

ஓவியர் பயன்படுத்தும் வெண்ணிறமும் இவ்வாறே அமைந்திருப்பது வியப்பிற்குரியது. வெண்ணிறமிகளும் தம்மளவில் நிறமற்ற நுண்படிகங்களே. அவை பசையில் கலந்து நிற்கும்போது, படிகமும் பசையும் ஒளியை வளைக்கும் அளவு வேறுபடுதலால் ஒளி சிதறி வெண்மை பிறக்கின்றது. வேறுபாடு மிகுந்தால் வெண்மையும் மிகும். குறைந்தால் வெண்மை மங்கி, அடியிலுள்ள நிறம் வெளித்தெரியும். ஆகவே, மலையுச்சியிலுள்ள பனியும் அதனைக் காட்டும் வண்ணமும் ஒரே இயற்கை விதிக்குக் கட்டுப்பட்டவை எனலாம். ஒளியைச் சிதறச் செய்யும் இப்பொருளைத் தேடி ஓவியர்கள் மேற்கொண்ட நீண்ட பயணமே பனிமலை ஓவியத்தின் வரலாற்றுள் ஒரு பாதியாகும். காணுதலைப் பற்றிய வரலாறு மற்றொரு பாதி.

வண்ணமின்றிப் பிறந்த பனி

பனிமலையைத் தனிப்பெரும் பொருளாகக் கொண்டு போற்றிய முதற்பெருமை சீனர்க்கு உரியது. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் வெய் என்பார் கவிஞராகவும் ஓவியராகவும் விளங்கியவர். பனிக்காட்சிகளைத் தீட்டுவதில் பெயர் பெற்றவர். அவர் கையால் வரைந்த மூல ஓவியங்கள் இன்று கிடைத்தில. பிற்காலப் படிகளும் குறிப்புகளுமே எஞ்சியுள்ளன. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபான் குவானும் குவோ ஷியும் பெருமலைகளைப் பட்டில் எழுப்பிய பெரும் ஓவியர்கள். உயர்நோக்கு, ஆழ்நோக்கு, சமநோக்கு என மலையைக் காணும் முறைகளை மூன்றாகப் பகுத்துரைத்த பெருமை குவோ ஷிக்கு உண்டு.

இவர்களின் மரபில் பனியைத் தீட்டும் முறை நுட்பமானது. பனியிருக்கும் இடத்தில் பெரும்பாலும் எதையும் தீட்டுவதில்லை. வானத்தையும் நீர்ப்பரப்பையும் நீர்த்த கருமையால் மெழுகி, பாறையின் பிளவுகளையும் மரத்தின் கிளைகளையும் கருங்கோடுகளால் காட்டிவிட்டால், தீண்டாமல் விடப்பட்ட பட்டும் தாளும் தாமே பனியாகிவிடும். சில வேளைகளில் மட்டும் வெண்பொடியைச் சிறிது தூவுவதுண்டு. இருளைச் சுற்றிலும் நிறுத்தி ஒளியைப் பிறப்பிக்கும் இக்கலை, சொல்லாமல் விடுவதன் வாயிலாகப் பொருள் உணர்த்தும் நம் இறைச்சி மரபை நினைவூட்டுவதாகும்.

வாங் வெய்யைப் பற்றிய செய்தி ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பனியில் கிடந்த யுவான் அன் என்னும் சான்றோரைக் குறித்து அவர் தீட்டிய ஓவியம் ஒன்று தம் இல்லத்தில் இருந்ததாகவும், அதில் பனியினூடே வாழைமரம் ஒன்று வரையப்பட்டிருந்ததாகவும் பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் ஷென் குவா எழுதி வைத்துள்ளார். வாழை வெப்பத்தில் தழைப்பது; உறைபனியில் இலை கருகிச் சாய்வது. பருவம் அறியாப் பிழையா, பொருள் பொதிந்த படைப்பா என்று பின்வந்த அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். ஷென் குவாவின் கருத்தோ, ஓவியத்தைப் புறவடிவம் ஒன்றையே கொண்டு அளத்தல் ஆகாது; உள்ளத்தால் உணர்தல் வேண்டும் என்பதாகும். வாழையும் பனியும் ஒரே பட்டில் சந்தித்த அந்நாள்முதல், பனியோவியம் பனிநாட்டுக் காட்சியின் பதிவாக மட்டுமே நின்றுவிடவில்லை.

நினைவில் நின்ற மலை

ஐரோப்பாவில் பனிக்காட்சி ஓவியத்தின் சிகரமாகப் போற்றப்படுவது பீட்டர் புரூகல் 1565ஆம் ஆண்டில் தீட்டிய 'பனியில் வேடர்கள்' என்னும் ஓவியமாகும். ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பெற்ற அது, இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வேடர் மூவர் நாய்களோடு தளர்நடையிட்டுத் திரும்புகின்றனர். அவர்கள் கொணர்ந்த வேட்டை ஒரு நரி மட்டுமே. கீழே உறைந்த குளங்களில் சிற்றூர் மக்கள் சறுக்கி விளையாடுகின்றனர். தொலைவில் கூரிய பனிமுடிகள் வானைத் தொடுகின்றன.

அம்முடிகள் அங்கு இருப்பதற்கு நியாயமில்லை. புரூகல் வாழ்ந்த தாழ்நிலப் பகுதி, பெயருக்கேற்பச் சமவெளி நாடு. ஓங்கிய மலை ஒன்றும் அங்கில்லை. 1550களின் தொடக்கத்தில் இத்தாலிக்குச் சென்று மீண்ட பயணத்தில் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். அப்போது கண்ட காட்சியைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளத்தில் தாங்கி, தம் நாட்டுச் சிற்றூரின் பின்னே நிறுத்தினார். அவர் மலைகளை விழுங்கி வந்து பலகையில் உமிழ்ந்தார் என்னும் பொருள்படப் பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியது இதனால்தான். 1564–65ஆம் ஆண்டின் கடுங்குளிர் அவர் கண்முன் நிகழ்ந்தது. மலையோ நினைவிலிருந்து வந்தது. கண்டதும் நினைந்ததும் ஒன்றாய்க் கலந்தமையே அவ்வோவியத்தின் உயிர்.

நிழலின் நிறம்

பனி வெண்மையானது என்னும் எண்ணமே பனியைக் காணவொட்டாமல் மறைக்கும் திரை. இதனைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே ஒருவர். 1777ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஹார்ஸ் மலைத்தொடரின் புரோக்கன் முடியில் ஏறி இறங்கிய அவர், பகலில் பனியின் மேல் விழுந்த நிழல்கள் ஊதா நிறமாக இருந்ததையும், கதிரவன் சாயச் சாய அவை ஆழ்ந்த நீலமாகி, இறுதியில் பனிப்பரப்பு செவ்வொளி பெற்றபோது பசுமையாக மாறியதையும் கண்டார். 1810இல் வெளிவந்த தமது நிறக்கோட்பாட்டு நூலில் அதனைப் பதிவு செய்தார்.

இதன் காரணம் எளியது. வெயில் படும் பனி ஞாயிற்றின் இளமஞ்சள் ஒளியைப் பெறுகின்றது. நிழலிலுள்ள பனிக்கு ஞாயிறு மறைந்திருப்பினும் நீலவானம் மறையவில்லை. ஆதலின் அது வானத்தின் நீலத்தை ஏந்தி நிற்கின்றது. பனி, ஒளியைச் சுமக்கும் திரை. தனக்கென நிறமில்லாத காரணத்தால் எல்லா நிறத்தையும் ஏற்பது.

இந்நீலத்தைக் காட்டப் பொருள் வேண்டுமன்றோ? பழங்காலத்தில் சிறந்த நீலம் ஆப்கானிஸ்தானத்தின் படக்ஷான் மலைகளில் கிடைத்த லாபிஸ் லசுலி என்னும் கல்லிலிருந்து வந்தது, விலை மிகுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிரஷ்ய நீலம் தோன்றியது. 1802இல் கோபால்ட் நீலமும், 1820களின் இறுதியில் செயற்கை அல்ட்ராமரின் நீலமும் வந்தன. பெர்லின் நீலம் கப்பலேறி ஜப்பானை அடைந்தது. ஹொக்குசாய் 1830ஐ ஒட்டி வெளியிட்ட ஃபூஜி மலைக் காட்சி வரிசையில், அயல்நாட்டு நீலம் வானும் கடலுமாக விரிய, அச்சிடாது விடப்பட்ட வெண்தாள் மலையுச்சியின் பனியாக ஒளிர்கின்றது. சீன மரபின் வெற்றிடமும் ஐரோப்பிய வேதியியலின் நிறமும் ஒரே தாளில் கைகோத்த காட்சி அது.

ஜப்பானிய அச்சுப்படங்களைத் திரட்டி மகிழ்ந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, 1868–69இல் 'மாக்பை' என்னும் பறவையின் பெயரால் அமைந்த பனிக்காட்சியைத் தீட்டினார். வேலியின் நிழல் அதில் நீலமாக விழுகின்றது. 1869ஆம் ஆண்டின் அரசுக் கண்காட்சி அதனை ஏற்க மறுத்தது. இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் அஃதொன்று. 1895இல் நார்வேக்குச் சென்ற மோனே, கோல்சோஸ் என்னும் மலையைப் பதின்மூன்று முறை தீட்டினார். அம்மலை தமக்கு ஃபூஜியை நினைவூட்டுவதாக அவர் கடிதத்தில் எழுதினார். நார்வேயின் மலையை நேரில் கண்டபோதும், ஜப்பானிய அச்சுப்படத்தின் வழியாகவே அவர் கண் அதனைக் கண்டது. காணுதலும் கற்றலின் பயனே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மலைக்குத் தம்மைத் தந்தோர்

நினைவை நம்பாது மலையையே இல்லமாகக் கொண்டோரும் உண்டு. ஜோவான்னி செகன்டினி (1858–1899) சுவிட்சர்லாந்தின் உயர்மலைச் சிற்றூர்களில் வாழ்ந்து, ஆல்ப்ஸின் தூய ஒளியைச் சிறுசிறு வண்ணக் கீற்றுகளாகப் பிரித்துத் தீட்டியவர். பெருங்கித்தான்களை மலைமேல் கொண்டுசென்று வெட்டவெளியில் வரைவது அவர் வழக்கம். பிறப்பு, வாழ்வு, இறப்பு என்னும் பொருள்களில் மூன்று பேரோவியங்களை அவர் தொடங்கினார். அவற்றை நிறைவு செய்யும் பொருட்டு 1899 செப்டம்பரில் ஷாஃப்பெர்க் என்னும் உயரத்தில் தங்கியிருந்தபோது வயிற்று நோய் கண்டு, நாற்பத்தோராம் வயதில் உயிர்நீத்தார். மலைக்குடிலிலிருந்து சடலத்தைப் பனியினூடே எடுத்துச் செல்லும் காட்சியமைந்த மூன்றாம் ஓவியம் முற்றுப்பெறாமலே நின்றது.

நேரில் கண்டோரும் நினைவை விட்டுவிட இயலவில்லை என்பதை எட்வர்ட் வில்சனின் வாழ்வு காட்டும். தென்துருவத்திற்குச் சென்ற ஸ்காட்டின் குழுவில் மருத்துவராகவும் ஓவியராகவும் இருந்தவர் இவர். கடுங்குளிரில் நீர்வண்ணம் தூரிகையிலேயே உறைந்துவிடும். ஆகவே, வெளியில் கரிக்கோலால் விரைந்து கோடிட்டு, நிறங்களின் பெயர்களை ஆங்காங்கே குறித்துக்கொண்டு, பின்னர்க் குடிலுக்குத் திரும்பி விளக்கொளியில் வண்ணம் தீட்டினார். பனியின் நடுவே வாழ்ந்தவரும் பனியைச் சொற்குறிப்பிலிருந்தும் நினைவிலிருந்துமே ஓவியமாக்கினார். 1912இல் துருவத்திலிருந்து மீளும் வழியில் ஸ்காட்டோடு அவரும் மாண்டார்.

இமயத்தின் ஓவியர் எனப் போற்றப்படும் ருஷ்யப் பெருமகன் நிக்கலாய் ரோரிக், 1928முதல் குலு பள்ளத்தாக்கின் நக்கர் என்னும் ஊரில் குடியேறி, 1947இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். எண்ணெய் வண்ணத்தை விடுத்து டெம்பரா என்னும் பசை வண்ணத்தையே அவர் பெரிதும் கையாண்டார். விரைவில் உலர்வது, மினுமினுப்பின்றித் தெளிவாக நிற்பது, தட்டையான நிறப்பரப்புகளுக்கு ஏற்றது என்பன அதன் பண்புகள். பிற்காலத்தில் அக்ரிலிக் வண்ணத்தில் ஓவியர் நாடிய பண்புகள் பலவும் இவையே.

வெண்ணிறத்தின் கதை

புரூகல் காலந்தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை எண்ணெய் ஓவியத்தின் பனியெல்லாம் காரீய வெள்ளையே. காரீயத் தகடுகளைக் காடி நிறைந்த கலங்களின் மேல் வைத்து, சுற்றிலும் சாணத்தையும் எருவையும் அடுக்கி மூடிவிடுவர். வாரக்கணக்கில் அவ்வெப்பத்தில் கிடந்த காரீயத்தின் மேல் வெண்பொருக்கு படியும். அதனைச் சுரண்டி அரைத்தால் மென்மையான வெண்ணிறம் கிடைக்கும். ஆனால் அது நஞ்சு. அத்தொழிலில் உழன்றோர் கடும் வயிற்றுவலியாலும் கைகால் முடக்கத்தாலும் துன்புற்று மாண்டனர். அருங்காட்சியகச் சுவரில் தூய்மையின் உருவாய் ஒளிரும் பனி, பெயரறியாத் தொழிலாளரின் உடல்நலத்தை விலையாகக் கொண்டது என்னும் உண்மை மறக்கற்பாலதன்று. 1921இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவதில் காரீய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. ஆயினும் கலையோவியத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டது.

துத்தநாக வெள்ளை 1834இல் நீர்வண்ணமாக இலண்டனில் விற்பனைக்கு வந்தது. நஞ்சு குறைந்தது எனினும், எண்ணெயில் காலப்போக்கில் வெடிப்புறும் குறை அதற்கு உண்டு. 1916ஐ ஒட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளை தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. ஒளியை வளைப்பதில் முன்னைய இரண்டையும் விஞ்சியது அது. ஆதலின் வெண்மையிலும் மறைக்கும் ஆற்றலிலும் அதற்கு நிகரில்லை.

இவ்விடத்தில் பனிமலையின் கதை எதிர்பாராத வகையில் தமிழ்மண்ணைத் தொடுகின்றது. டைட்டானிய வெள்ளைக்கு மூலப்பொருள்களுள் தலையாயது இல்மனைட் என்னும் கரிய கனிமம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், கேரளத்துச் சவறாக் கடற்கரையிலும் அலை கொணர்ந்து ஒதுக்கும் கருமணலில் அது செறிந்துள்ளது. அந்நாளில் இவ்விரு கரைகளும் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டவை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகச் சந்தைக்குச் சென்ற இல்மனைட்டில் பெரும்பங்கு இக்கரையிலிருந்தே கப்பலேறியது. மலாயத் தீபகற்பத்தின் வெள்ளீயச் சுரங்கங்களிலும், வெள்ளீயத்தைப் பிரித்தபின் எஞ்சும் 'அமாங்' என்னும் கரிய கழிமணலில் இல்மனைட் உண்டு, அதுவும் ஏற்றுமதியாயிற்று. பனியறியாத கரைகளின் கருமணல், பனிநாடுகளின் ஆலைகளில் வெண்மையாக மாறி, ஓவியரின் மலையுச்சியில் போய்ப் படிந்தது. வாங் வெய் பனியில் வாழையை நட்டார். வேதியியலோ வெப்ப நாட்டு மணலைக் கொண்டே பனியைப் படைத்துவிட்டது.

அக்ரிலிக் வண்ணத்தின் வருகை

வெண்ணிறமி கிடைத்தது, அதனைப் பிடித்து நிறுத்தும் பசையே எஞ்சிய சிக்கல். ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் மஞ்சளிக்கும். உலர்வதற்கு நாள்களும் வாரங்களும் ஆகும். ஜெர்மானியரான ஓட்டோ ரோம், அக்ரிலிக் அமிலத்திலிருந்து பெறும் பொருள்களைப் பற்றி 1901இல் தம் முனைவர் பட்ட ஆய்வை நிகழ்த்தினார். 1933இல் அவ்வழி வந்த கண்ணாடி போன்ற பொருள் 'பிளெக்சிகிளாஸ்' என்னும் பெயரால் வெளிவந்தது. சுவரோவியர் சிக்கெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தி, தொழிற்சாலை வண்ணங்களைக் கலைக்குப் பயன்படுத்தத் தூண்டினார். 1940களின் இறுதியில் கரைப்பானில் கலக்கும் அக்ரிலிக் வண்ணமும், 1955இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நீரில் கலக்கும் 'லிக்விடெக்ஸ்' வண்ணமும் ஓவியர்க்குக் கிடைத்தன. பிரிட்டனில் ரௌனி நிறுவனத்தின் 'கிரைலா' 1963இல் வந்தது.

இவ்வண்ணத்தின் அமைப்பு எளிது. பிசினின் நுண்துகள்கள் நீரில் பால்போல் மிதக்கின்றன. நிறமி அதனுடன் கலந்துள்ளது. நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று உருகி இணைந்து, தெளிந்த தோலாகின்றன. அதன்பின் நீர் அதனைக் கரைக்காது. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் உலரும். உலர்ந்த பூச்சின்மேல் உடனே அடுத்த பூச்சைத் தீட்டலாம். ஈரத்தில் பால்போன்றிருந்த பசை உலர்ந்தபின் தெளிவுறுவதால், நிறம் சற்றே ஆழ்ந்துவிடும். இதனை அறியாதார் முதல் நாளில் ஏமாற்றம் அடைவர்.

தொலைக்காட்சியில் 1983முதல் 1994வரை அரைமணி நேரத்தில் பனிமலையைத் தீட்டிக் காட்டிய பாப் ராஸ் எண்ணெய் வண்ணத்தையே பயன்படுத்தினார். வெப்பம் மிகுந்த ஃபுளோரிடாவில் பிறந்த அவர், விமானப்படைப் பணியின்பொருட்டு அலாஸ்காவிற்குச் சென்றபோது பனிமலைகளோடு உறவு கொண்டவர். ஈரமான வெண்பூச்சின்மேல் ஈரவண்ணத்தை இழைப்பது அவர் முறை. அதனை அக்ரிலிக்கில் அப்படியே செய்ய முனைவோர் தோல்வியுறுவர். அடிப்பூச்சு அதற்குள் உலர்ந்துவிடும். பொருளுக்கேற்ப முறையும் மாறவேண்டும்.

தீட்டும் முறை

அக்ரிலிக்கில் பனிமலை இருளிலிருந்து ஒளியை நோக்கி எழுகின்றது. முதலில் வானம்: உச்சியில் ஆழ்நீலமாகத் தொடங்கி, அடிவானை நெருங்க நெருங்க வெளிறி, சிறிது இளஞ்சிவப்பு ஏறவேண்டும். அடுத்துத் தொலைமலை: வானத்தின் நீலத்தோடு வெண்மை கலந்து, அழுத்தமின்றித் தீட்டப்படும். அதன்பின் முன்மலை. அல்ட்ராமரின் நீலத்தையும் கருத்த பழுப்பையும் கலந்த கருநிறத்தால் மலையின் உடலை முழுவதும் தீட்டி உலரவிடுதல் வேண்டும். பனிக்கு அடியில் பாறை உண்டு என்பதை மறவாமைக்கு இப்பூச்சு உதவும்.

பின்னரே பனி. ஞாயிறு எத்திசையில் நிற்கின்றது என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். ஒளிபடும் சரிவிற்கு டைட்டானிய வெள்ளையில் மஞ்சளோ செம்மஞ்சளோ அணுவளவு சேர்க்கவேண்டும். நிழற்சரிவிற்கு வெண்மையோடு நீலமும் சிறிது ஊதாவும் சேர்க்கவேண்டும். வண்ணக்கத்தியின் விளிம்பில் கெட்டியான வண்ணத்தை ஏந்தி, மலையின் சரிவு எத்திசையோ அத்திசையில் அழுத்தாமல் இழுத்தால், கித்தானின் சொரசொரப்பில் வண்ணம் ஆங்காங்கே பற்றியும் பற்றாமலும் போகும். பற்றாத இடத்தில் கீழிருக்கும் கருமை பாறையாகத் தோன்றும். அழுத்தி இழுத்தால் பாறையும் மறைந்து, மலை சுண்ணாம்புச் சுவராகிவிடும். இறுதியில், நீர்த்த நீலப்பூச்சை நிழல்களின்மேல் மெல்லப் படரவிட்டால் ஆழம் பிறக்கும். கலக்காத தூய வெள்ளையை ஒளி மிகுந்த ஓரிரு முகடுகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்தல் தேர்ந்தோர் வழக்கம்.

சீன ஓவியர் தாளை விட்டுவைத்தார். அக்ரிலிக் ஓவியர் இருளை விட்டுவைக்கின்றார். இரண்டிலும் பனியைப் படைப்பது அடக்கமே.

குளிரைத் தாங்காத வண்ணம்

அக்ரிலிக் வண்ணத்தின் மற்றுமோர் இயல்பு சிந்தனைக்குரியது. ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று சரிவர இணைவதில்லை, பூச்சு பொடிந்துவிடும். வண்ணக்குழாய் உறைந்து மீண்டும் உருகினால் பால்மம் திரிந்து பயனற்றுப் போகலாம். செகன்டினி நின்ற பனிவெளியில் இவ்வண்ணத்தால் ஓவியம் தீட்டுதல் இயலாது. பனிமலையைத் தீட்ட இன்று உலகெங்கும் மாணவர் கையாளும் வண்ணம், பனியின் அருகில் செல்லவே அஞ்சுவது. அக்ரிலிக்கில் எழுந்த பனிமலைகள் எல்லாம் வெம்மையின் நிழலில் பிறந்தவையே.

ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் கற்பித்தபோது, ராக்கி மலைகள் சூழ்ந்த அவ்வூரில் அவருக்குக் கிடைத்த ஓவியக்கூடத்தில் மலையைக் காண ஒரு சாளரமும் இல்லை. அவர் அங்கேயே நிலவியல் இதழ்களையும் தம் கற்பனையையும் துணைக்கொண்டு, 'ராக்கி மலைகளும் களைத்த இந்தியர்களும்' என்னும் அக்ரிலிக் ஓவியத்தைத் தீட்டினார். காணாத மலையைத் தீட்டுகின்றோம் என்பதை மறைக்காமல் வெளிப்படையாகவே காட்டியமை அதன் சிறப்பு.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வரலாறு தரும் விடை இப்போது தெளிவாகின்றது. சமவெளியில் அமர்ந்து புரூகல் நினைவிலிருந்து தீட்டினார். குடிலில் அமர்ந்து வில்சன் குறிப்பிலிருந்து தீட்டினார். மோனே ஜப்பானிய அச்சுப்படம் பழக்கிய கண்ணால் தீட்டினார். பனியின் நடுவே நின்றவரும் கற்றே கண்டனர். ஆகவே, பனியைக் காணாமை குற்றமன்று. ஒளி எங்கிருந்து வருகின்றது, நிழல் எந்நிறம் ஏற்கின்றது, பனிக்கு அடியில் எத்தகைய பாறை உள்ளது என்று வினவாமையே குற்றம். வினவாது தீட்டிய மூன்று முக்கோணங்களில் பொய்யாவது பனி மட்டுமன்று, மலையும் பொய்யாகின்றது.

பனிமலையைத் தீட்டும் வெப்ப நாட்டு மாணவன் தூரிகையைத் தொடுமுன் வெயிலில் உலரும் வெள்ளைத் துணியின் மடிப்புகளை உற்று நோக்குவானாயின், அதன் நிழலில் கதே கண்ட நீலத்தைத் தானும் காண்பான். அவன் கையிலுள்ள வெண்ணிறத்திற்கும் அயல்நாட்டுப் பெருமை மட்டுமே உரியதன்று. மணவாளக்குறிச்சியின் அலையோரத்திலும் பழைய ஈயக் குட்டைகளின் கரையிலும் கிடக்கும் கருமணலும் அவ்வெண்மைக்கு உறவே. ஆசிரியர் இவ்வுறவை எடுத்துக்காட்டி, துணியின் நிழலைக் கண்ட கண்ணாலேயே பனியின் நிழலையும் காணப் பழக்குவாராயின், மாணவன் தீட்டும் மலை வெள்ளைத் தொப்பி கவித்த முக்கோணமாக நின்றுவிடாது. அதன் உச்சியில் உண்மைப் பனி உறையும்.